நம் சொசைட்டிப் புல்தரை: மும்பைப் பருவங்களுக்கு ஏற்ற பராமரிப்பு



கோவண்டி, தேவ்னார், செம்பூர் வட்டாரத்துப் பழைய ஹவுசிங் சொசைட்டிகள் பலவற்றில் கட்டடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே ஒரு துண்டு நிலம் இருக்கும். காலையில் பெரியவர்கள் நடப்பதும், மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவதும், நவராத்திரிக்குப் பந்தல் போடுவதும் அங்கேதான். அதில் புல் இருந்தால் அது தோட்டம். புல் போய்விட்டால் வெறும் தூசிக் காடு.

நான் குடியிருக்கும் சொசைட்டியில் இந்த நிலத்தைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகப் பொதுக்குழுவில் பேச்சு நடக்கிறது. "மே மாதம் காய்ந்து கிடக்கிறது, ஜூலையில் சேறாகக் கிடக்கிறது. பேவர் பிளாக் போட்டுவிட்டால் பத்துக் கார் நிறுத்தலாம்" என்கிறார்கள் ஒரு சாரார். கார் நிறுத்த இடமில்லை என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேறும் தூசியும் தவிர்க்கக் கூடியவை. எட்டு ஆண்டுகளாக எங்கள் மாலியுடன் சேர்ந்து இந்தப் புல்லைப் பார்த்துவருகிறேன். இதே கேள்வி உங்கள் சொசைட்டியிலும் எழும் என்பதால், எந்த மாதத்தில் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஊர்க் கணக்கு இங்கே செல்லாது

நம்மில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி, சேலம், வட ஆர்க்காடு என்று வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்பது நம் மனத்தில் பதிந்த கணக்கு. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது.

மும்பையின் கணக்கு வேறு. இங்கே பருவமழை தொடங்கும் சராசரித் தேதி ஜூன் 11. விடைபெறும் தேதி அக்டோபர் 8. இடைப்பட்ட ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் சாந்தாகுரூஸ் நிலையத்தில் சராசரியாகச் சுமார் 2,300 மி.மீ. மழை பதிவாகிறது. மற்ற எட்டு மாதங்களில் மழை அநேகமாக இல்லை. ஊரில் மழைக்குக் காத்திருக்கும் ஐப்பசியில் இங்கே 'அக்டோபர் ஹீட்' என்று விசிறிக்கொண்டிருக்கிறோம். ஆடி மாதத்தில் இங்கே விதைத்தால் விதை சாக்கடையில்தான் போய்ச் சேரும்.

அதேபோல வெளிநாட்டுப் புத்தகங்களில் படிக்கும் ஆலோசனைகளும் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்கிலாந்திலும் வட அமெரிக்காவின் வடபகுதியிலும் வளர்ப்பது குளிர்ப்பிரதேசப் புல். நம்முடையது வெப்பத்தில் தழைக்கும் புல். அமெரிக்காவின் தென் மாநிலங்களான ஜார்ஜியா, டெக்சாஸ் போன்றவற்றில் வளரும் புல் நம் புல்லுக்கு உறவு. ஆனால் அங்கே பனிக்குளிரில் புல் பழுப்பாகி உறங்குகிறது. இங்கே தண்ணீர் இல்லாமல் மே மாதத்தில் உறங்குகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

எந்தப் புல்?

நர்சரிக்காரர்கள் கொரியன் புல், மெக்சிகன் புல் என்று பாய் போலச் சுருட்டிவைத்து, சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்துக்கும், ஆண்டில் எட்டு மாதம் வறண்டிருக்கும் மண்ணுக்கும் என் சிபாரிசு நம் அருகம்புல். வெளிநாட்டார் இதைப் பெர்முடா புல் என்கிறார்கள், மராத்தியில் ஹரளி. பிள்ளையாருக்குச் சாத்தும் 'தூர்வா' இதுவே. கல்யாண வீட்டில் ஆல்போல் தழைக்கவும் அருகுபோல் வேரோடவும் நம் பெரியவர்கள் வாழ்த்துவது காரணமில்லாமல் இல்லை. அருகு மண்ணின் மேலே ஓடும் தண்டாலும் பரவும், மண்ணுக்குள்ளே ஓடும் தண்டாலும் பரவும். மேலே கருகினாலும் உள்ளே உயிர் இருக்கும்.

கோவண்டிக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கோவண்டியிலிருந்து மான்கூர்டு வரை பல இடங்கள் ஒரு காலத்தில் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். இடிபாட்டையும் மண்ணையும் கொட்டி மேடாக்கியவை. எங்கள் சொசைட்டியில் அரை அடி தோண்டினால் செங்கல் துண்டு வரும். இத்தகைய இடங்களில் போர்வெல் தண்ணீரிலும் உப்புக் கரிக்கும். உப்பையும் மோசமான மண்ணையும் ஓரளவு தாங்கும் புல் அருகு.

அருகுக்கு ஒரே ஒரு குறை, நிழல் ஆகாது. நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். பக்கத்தில் உயரமான கட்டடம் எழும்பி வெயில் நான்கு மணி நேரத்துக்கும் கீழே போய்விட்டதென்றால், அந்த மூலையில் அருகோடு போராட வேண்டாம். அகல இலை உள்ள நிழல் புல்லை நடலாம், அல்லது பெஞ்சு போட்டுவிடலாம். பணமும் மாலியின் நேரமும் மிச்சம்.

மே கடைசி, ஜூன்: ஆண்டின் முதல் முக்கிய வேலை

மழைக்கு முந்தைய மூன்று வாரங்களில் செய்யும் வேலைதான் ஜூலையில் சேறு இருக்குமா, புல் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

முதலில், காய்ந்த புல்லை ஒருமுறை ஒட்ட வெட்டி, சருகை வாரிவிட வேண்டும். ஆண்டில் இந்த ஒருமுறைதான் ஒட்ட வெட்டலாம். அடுத்து, மண்ணை லேசாக நனைத்து, இரும்புக் கம்பியால் நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் மூன்று அங்குல ஆழத்துக்குத் துளையிட வேண்டும். ஆண்டு முழுவதும் மிதிபட்ட மண் சிமென்ட் தரை போல இறுகியிருக்கும். துளையிடாவிட்டால் மழைநீர் மேலேயே தேங்கும், அதுதான் சேறு. துளையிட்டபின் மணல், செம்மண், மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து கால் அங்குலக் கனத்துக்குத் தூவ வேண்டும். 100 சதுர அடிக்குச் சுமார் 60 லிட்டர் கலவை வேண்டும், அதாவது 20 லிட்டர் பெயின்ட் டப்பாவில் மூன்று. தூவியபின் புல் நுனி வெளியே தெரிய வேண்டும். அப்படியே மூடிவிட்டால் புல் அழுகும்.

தண்ணீர் தேங்கும் பள்ளங்களை அடையாளம் கண்டு மேடாக்குவதும், வடிகால் வாயை அடைப்பெடுப்பதும் இப்போதே. மழை தொடங்கிய பிறகு யாரும் வரமாட்டார்கள்.

சொட்டையான இடங்களில் புதுப் புல் வைக்க ஜூன் நடுப்பகுதி நல்ல நேரம். கடையில் வாங்க வேண்டியதில்லை. நன்றாக இருக்கும் பகுதியிலிருந்து இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுகளைப் பிரித்து, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நட்டு, காலால் மிதித்துவிட்டால் போதும். இரண்டு மூன்று மாதங்களில் மூடிவிடும். அதுவரை அந்த இடத்தில் பிள்ளைகள் ஓடாமல் கயிறு கட்டிவைப்பதுதான் கஷ்டமான வேலை!

இரண்டு மூன்று மழை பெய்தபின் ஒருமுறை உரம். நம் பக்கத்திலேயே ட்ராம்பேயில் ஆலை வைத்திருக்கும் ஆர்.சி.எஃப். நிறுவனத்தின் 'சுஃபலா 15:15:15' பலருக்கும் தெரிந்த உரம். அந்த எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு என்பதைக் குறிக்கின்றன. 100 சதுர அடிக்கு 150 கிராம் போதும். இலையில் ஈரம் இல்லாத நேரத்தில் சீராகத் தூவி, உடனே தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே புல் கருகும்.

ஜூலை, ஆகஸ்ட்: வெட்டு, களை எடு, உரம் போடாதே

இந்த இரண்டு மாதங்களில் புல் கண்ணெதிரே வளரும். வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது என்பது பொது விதி. ஒன்றரை அங்குலம் நிற்க வேண்டுமென்றால், இரண்டேகால் அங்குலம் வளர்வதற்குள் வெட்டிவிட வேண்டும். மழை விட்டு, புல் உலர்ந்திருக்கும் நேரம் பார்த்துச் செய்க. ஈரத்தில் வெட்டினால் இயந்திரம் புல்லை அறுக்காமல் பிய்க்கும். மிதிபட்டு மண்ணும் இறுகும். கத்தி கூர்மையாக இருப்பது அவசியம். வெட்டிய துணுக்குகள் மெல்லியதாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், அது இலவச உரம். கட்டியாகத் திரண்டால் மட்டும் வாரிவிட வேண்டும்.

கனமழைக் காலத்தில் யூரியா போடுவது வீண். தண்ணீரில் கரைந்து சாக்கடை வழியாகக் கழிமுகத்துக்குப் போய்விடும். மேலும், ஈரமும் மிகுந்த தழைச்சத்தும் சேர்ந்தால் பூஞ்சாணம் வரும். வட்டவட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் பலர் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போடுகிறார்கள். முதலில் அங்கே தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். மண்புழு மண்ணைக் குவியல் குவியலாக வெளியே தள்ளுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். காசு வாங்காமல் மண்ணைத் துளைக்கும் தொழிலாளி அது.

களைகளில் தகரை (மராத்தியில் டாக்ளா), தொட்டாற்சுருங்கி, கீழாநெல்லி போன்றவை ஈர மண்ணில் வேரோடு எளிதில் வரும். பூத்து விதை போடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். பெரும் எதிரி கோரை. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும். களைக்கொத்தால் கிழங்கோடு தோண்ட வேண்டும். ஒரே தடவையில் ஒழியாது. முளைக்க முளைக்க எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கின் சேமிப்புக் கரைந்து இரண்டு மூன்று மழைக்காலங்களில் குறையும். அருகு நெருக்கமாக இருந்தால் கோரைக்கு வெயில் கிடைக்காது. இதுவே நிரந்தர மருந்து.

கணேஷ் சதுர்த்தியின்போது தூர்வா பறிக்க வரும் பெண்களைச் சில சொசைட்டிகளில் வாட்ச்மேன் விரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நுனியைக் கிள்ளுவதால் புல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பூச்சிமருந்து தெளித்த புல்லாக இருந்தால் மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர்: இரண்டாவது முக்கிய வேலை

மழை குறைந்து வெயில் திரும்பும் இந்த வாரங்களில் புல் தன் வேரையும் அடித்தண்டையும் பலப்படுத்திக்கொள்கிறது. அடுத்த மே மாதத்தைத் தாங்கும் சக்தி இப்போதே சேமிக்கப்படுகிறது. ஆகவே ஆண்டின் இரண்டாவது உரம் இப்போது, அதே அளவில். தொழுவுரமோ, சமையலறைக் கழிவிலிருந்து நீங்களே தயாரித்த மக்கிய உரமோ இருந்தால் இன்னும் நல்லது.

இந்த நேரத்தில்தான் பந்தலும் வரும். ஒன்பது நாள் தார்ப்பாயும் பலகையும் மூடிக் கிடந்தால் புல் மஞ்சளாகி மூச்சு முட்டும். பந்தலை இயன்றவரை சிமென்ட் தரைப் பக்கம் போடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு வருஷமும் அதே மூலையில் போடாமல் இடம் மாற்றுங்கள். பந்தல் பிரித்த மறுநாளே கம்பியால் துளையிட்டு நன்றாக நனைத்தால் மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை: நிதானம்

மும்பைக் குளிர் புல்லைக் கொல்லும் குளிர் இல்லை. ஜனவரி இரவுகளில் சராசரியாக 17 டிகிரி அளவில் இருக்கும். வளர்ச்சி மட்டும் மெதுவாகும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். உரம் வேண்டாம்.

தண்ணீர்ப் பழக்கத்தை இப்போதே சரிசெய்ய வேண்டும். தினமும் ஹோஸ் பைப்பால் மேலாகத் தெளிப்பது நம் ஊரில் வாசல் தெளிக்கும் பழக்கத்தின் மிச்சம். மேல் மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். நான்கு நாள் தண்ணீர் இல்லையென்றால் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை ஆழமாக நனைத்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். எப்போது தேவை என்று அறிய எளிய சோதனை உண்டு. புல்லில் நடந்து திரும்பிப் பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் தண்ணீர் வேண்டாம். காலடித் தடம் அப்படியே படிந்திருந்தால் வேண்டும். அதிகாலையே உகந்த நேரம்.

மார்ச் முதல் மே வரை: பழுப்பாக இருக்கட்டும்

என் கட்டுரையின் முக்கியமான பகுதி இதுவே.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் புல்லைப் பசுமையாகவே வைத்திருக்க நாளைக்குச் சுமார் 5 மி.மீ. வேண்டும். 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 465 லிட்டர். நகரங்களில் ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் குடிநீர் வழங்கல் அளவுகோல். அதாவது மூன்று பேருக்கு மேற்பட்டோரின் தண்ணீரை அந்தப் புல் குடிக்கிறது.

நம் குழாயில் வரும் தண்ணீர் தான்சா, வைதர்ணா, பாட்சா என்று வெகுதூரத்து ஏரிகளிலிருந்து வருகிறது. கோடையில் அந்த ஏரிகளின் மட்டம் இறங்குவதைச் செய்தித்தாளில் தினமும் பார்க்கிறோம். கோவண்டி ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் சிவாஜி நகரிலும் பைங்கன்வாடியிலும் கேன் கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அந்த வீதி வழியே நடந்து வந்துவிட்டு, குடிதண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்ச எனக்கு மனம் ஒப்பவில்லை.

நல்ல வேளையாக அருகம்புல் அதைக் கேட்பதும் இல்லை. அக்டோபரில் வேரைப் பலப்படுத்திய புல், ஏப்ரல், மே மாதங்களில் இலையைக் காயவிட்டு உறங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 12 மி.மீ. கிடைத்தால் உயிரைக் காத்துக்கொள்ளும். அதே 1,000 சதுர அடிக்கு இது ஏறக்குறைய 1,100 லிட்டர். பசுமையாக வைத்திருக்க அதே இரண்டு வாரத்துக்கு 6,500 லிட்டர் ஆகும். ஆறில் ஒரு பங்கில் காரியம் முடிகிறது. அதையும் போர்வெல்லிலிருந்தோ, அரிசி காய்கறி கழுவிய தண்ணீரிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் தண்ணீரில் உப்பு அதிகம். சாதாரணத் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள்.

இந்த மாதங்களில் புல்லை இரண்டு அங்குலம் வரை வளரவிட வேண்டும். நீண்ட இலை மண்ணுக்கு நிழல். உறங்கும் புல் மிதிபட்டால் எளிதில் தேயும் என்பதால், கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் ஆட்ட இடத்தை வாரம் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. காய்ந்துவிட்டதே என்று பதறி ஏப்ரலில் புதுப் புல் வாங்கி ஒட்டுவது பணத்தைத் தரையில் கொட்டுவதுதான்.

பேவர் பிளாக் போடுவதற்கு முன்

1927-ஆம் ஆண்டில் நம் வட்டாரத்தில் இரண்டு இடங்கள் தோன்றின. ஒன்று தேவ்னார் குப்பை மேடு. மற்றொன்று செம்பூரில் உள்ள பாம்பே பிரெசிடென்சி கோல்ஃப் கிளப். ஒரே வயதுடைய குப்பைமேடும் புல்வெளியும்! கோல்ஃப் மைதானத்துக்குள் நாம் போகப்போவதில்லை. குப்பை மேட்டின் புகையோ, 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது எல்லா வீட்டுக்குள்ளும் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளைகளுக்கு என்று இருப்பது சொசைட்டிச் சுவருக்குள் இருக்கும் இந்தத் துண்டு நிலமே.

தாதர் சிவாஜி பார்க் மைதானத்தின் செம்மண் தூசி அக்கம்பக்கத்தாரைப் படுத்திய பாட்டை அறிவோம். மண்ணைப் பிடித்துவைக்கப் புல் இல்லாவிட்டால் எந்த மைதானத்துக்கும் அதே கதி. பேவர் பிளாக் தூசியை அடக்கும், ஆனால் வெயிலை வாங்கி இரவிலும் சூட்டைக் கக்கும். மழைநீரின் பெரும்பகுதியைச் சாலைக்கே தள்ளும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அத்தகைய மழையை நம் புல்தரை குடித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சாதாரண மழையில் சாக்கடைக்கு ஓடும் தண்ணீரை அது குறைக்கும். ஒவ்வொரு சொசைட்டியும் சிமென்ட் போட்டால் அந்தத் தண்ணீர் முழுவதும் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர் வீட்டுக்குள்தான் போகும்.

எனவே பொதுக்குழுவில் இந்தப் பேச்சு எழுந்தால் ஓர் ஆண்டு அவகாசம் கேளுங்கள். மே கடைசியில் துளையிட்டு மண் தூவுங்கள். ஜூனிலும் செப்டம்பர் கடைசியிலும் உரமிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெட்டுங்கள். கோடையில் பழுப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடம் தவிர்க்கவே முடியாதென்றால், வெயில் விழாத பக்கத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, வெயில் விழும் பக்கத்தைப் புல்லுக்கு வையுங்கள். எங்கள் சொசைட்டியில் நான் முன்வைத்திருக்கும் யோசனை இதுவே. கம்பி, மண், உரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை எழுதிவைத்து, பேவர் பிளாக் கொட்டேஷனோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். உறுப்பினர்கள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள்.